செமிசி வீட்டுச் சாவில் சாப்பிடாமல் எழுந்து வந்தது

1

"மாமு, நீ அந்த ஊருக்குப் போயி பதினஞ்சு வருஷம் ஆவுது. நம்ம மலருக்கு ஒண்ணு எழுதிக் குடு" என்று சேகர் குரல் பதிவு அனுப்பியிருந்தான். திருவொற்றியூரில் வாசகர் வட்டம் நடத்தி, வருஷா வருஷம் மலர் போடுகிற சேகராகத்தான் அவனை உங்களுக்குத் தெரியும். எனக்கு அவன் அதற்கு முந்தைய சேகர். மணலி ரோட்டில் ஒரு கண்டெய்னர் யார்டில் நானும் அவனும் ஒரே ஷிப்டில் குளிர்பெட்டி ரிப்பேர் பார்த்தோம். குளிர்பெட்டி என்றால் இறாலும் மீனும் மருந்தும் ஏற்றிப் போகிற, ஃபிரிட்ஜ் பொருத்திய கண்டெய்னர். "சத்தம் போடற வரைக்கும் கவலை இல்ல மாமு, சத்தம் நின்னாத்தான் ஓடணும்" என்று அவன் அந்தப் பெட்டிகளைப் பற்றிச் சொல்லுவான். இன்றைக்கும் ஆக்லாந்து துறைமுகத்தில் ஒரு பெட்டியின் இரைச்சல் திடீரென்று அடங்கினால் எனக்கு அவன் குரல்தான் கேட்கும்.

என்ன எழுத வேண்டும் என்பதையும் அவனே சொல்லிவிட்டான். நியூசிலாந்துக்குக் குடியேறி வந்தவர்களில் நம்மவர்களையும் இன்னொரு கூட்டத்தையும் எடுத்துக்கொண்டு, வேலை, வீடு, பிள்ளைகள் படிப்பு, அக்கம்பக்கத்தில் மரியாதை என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். யார் மேலே வந்தார்கள், ஏன் வந்தார்கள். படிக்கிற பசங்களுக்கு உதவும் என்றான்.

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பதினைந்து வருஷமாக என் மண்டைக்குள் ஓடுகிற பேச்சே அதுதான். ஒரு வாரத்தில் அனுப்புகிறேன் என்று பதில் போட்டேன். அந்த வாரத்துக்குள் பக்கத்து வீட்டில் ஒரு சாவு விழுந்தது. அங்கே போய் நான் ஒரு காரியம் செய்தேன். அதிலிருந்து என் மகன் ஜெரி வீட்டுக்கு வருவதில்லை.

தூரமாகப் போய்விடவில்லை. அந்தப் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறான். வேலிக்கு அந்தாண்ட அவன் சிரிக்கிறது, இந்தாண்ட சமையலறையில் உட்கார்ந்திருக்கிற எனக்குக் கேட்கிறது. நான் அங்கே போய்ப் பேசுகிற வரைக்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். பதினேழு வயசு. இந்த வரியை எழுதுகிற நிமிஷம்வரை நான் போகவில்லை. எழுகிறேன், கதவுவரைக்கும் போகிறேன், திரும்பி வந்து உட்காருகிறேன்.

2

பக்கத்து வீட்டுக்காரன் பெயர் செமிசி. டோங்கா தீவுக்காரன். நம் பள்ளிக்கூட மேப்பில் அந்தத் தேசத்தை ஈ உட்கார்ந்த இடம் என்று நினைத்துத் துடைத்துவிடுவார்கள், அவ்வளவு சின்னது. ஆக்லாந்தின் தெற்குப் பக்கம் முழுக்க இந்த மாதிரித் தீவுக்காரர்கள்தான். இங்கே "சவுத்" என்று விலாசம் சொன்னால் கேட்கிறவர்கள் முகம் ஒரு மாதிரி ஆகும். வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று விலாசம் சொல்லி வேலை கேட்டவர்களுக்கு அந்த முகம் எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

செமிசிக்கும் துறைமுகத்தில்தான் வேலை. கப்பலில் அடுக்கின பெட்டிகள் சாயாமல் இரும்புத் தண்டு போட்டு முறுக்கிக் கட்டுவது. விடியுமுன் ஒரே காரில் கிளம்புவோம், அவன் ஓட்டுவான், நான் பேசுவேன்.

என் பெயர் அமலன். ஆனால் இங்கே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்கிற கட்டத்தில் அப்பா பெயர் ஏறிவிட்டதால் பதினைந்து வருஷமாக நான் மிஸ்டர் சூசை. ஜெரிக்குக் குடும்பப் பெயர் அமலன். அப்பனுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்றா என்று வந்த புதிதில் ஒவ்வொரு கவுண்டரிலும் கேள்வி. ஒரு ஆபீஸில் இருந்த அம்மாள் ரொம்பப் பதவிசாக, தத்துப் பிள்ளையா என்று கேட்டாள். என் வீட்டுக்காரி ஸ்டெல்லா எண்ணூரில் பிறந்து வளர்ந்தவள். "பெத்தவ நிக்கிறேன், என்னான்ட கேளு" என்று தமிழிலேயே சொன்னாள். அந்த அம்மாளுக்கு எப்படியோ புரிந்து, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டாள்.

செமிசி ஒருவன்தான் பார்த்த முதல் நாளே, சூசை உங்க அப்பா, உன் பெயர் என்ன என்று கேட்டவன். அதிலிருந்து நான் அவனுக்கு அமலனா. அவர்கள் பாஷையில் எந்த வார்த்தையும் வாய் மூடி முடியாதாம், கடைசியில் ஓர் உயிரெழுத்து வந்தே தீர வேண்டுமாம். பஸ் அவர்களுக்கு "பாசி". எங்கள் ராயபுரத்திலும் அப்படித்தான், பஸ்ஸு, காரு, போலீஸு என்று சொன்னேன். அப்படியானால் உங்கள் ஆட்களும் வாயை மூடுவதில்லையா என்று கேட்டான். அன்றிலிருந்து தோஸ்து.

நானும் ஸ்டெல்லாவும் மாறி மாறி ஷிப்ட் போன வருஷங்களில் ஜெரி வளர்ந்தது செமிசி வீட்டில்தான். செமிசியின் அப்பா அவனை மடியில் போட்டுக்கொண்டு டி.வி. பார்ப்பார். நான் வந்து தூக்கினால் பையன் அவர் சட்டையை விடமாட்டான்.

3

இனி சேகர் கேட்டது.

நம்மவர்கள் வந்து இறங்கின மறு மாசமே புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். ஸ்டெல்லா பழம் பொறுக்கிப் பெட்டியில் அடுக்குகிற ஷெட்டில் ஆரம்பித்து, இப்போது முதியோர் இல்லத்தில் வயசானவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டுகிறாள். சில வருஷத்தில் வங்கிக் கடனில் வீடு. பிள்ளைக்குக் கணக்கு டியூஷன். தமிழர்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி வீடு வாங்கியாச்சா, இரண்டாவது கேள்வி எத்தனை பெட்ரூம். மூன்றாவதாகத்தான் சௌக்கியமா என்பது.

தீவுக்காரர்கள் செமிசியின் அப்பா காலத்தில் வந்தவர்கள். தொழிற்சாலைக்கு ஆள் வேண்டும் என்று இந்த நாட்டுக்காரர்களே கூப்பிட்டு வைத்துக்கொண்டார்கள். வேலை குறைந்ததும் விடியற்காலையில் கதவைத் தட்டி விசாவைக் காட்டு என்றார்கள். எங்கள் தெருவில் எனக்குத் தெரிந்து சொந்த வீடுள்ள தீவுக்காரக் குடும்பங்கள் குறைவு. செமிசியுடையது அரசாங்க வாடகை வீடு. காலையில் பார்த்தால் ஒரு கூட்டம், சாயந்தரம் வேறு கூட்டம். சம்பளத்தில் ஒரு பங்கு சர்ச்சுக்கு, ஒரு பங்கு தீவுக்கு. மிச்சத்தில் ஒரு பன்றி வாங்கிச் சுட்டுத் தெருவுக்கே போடுவான்.

இதை வைத்துக்கொண்டு தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் பூங்காவில் கோழி சுடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கிற பேச்சு இருக்கிறதே, அதில் நான்தான் கதாநாயகன். எனக்குப் பேச வரும். பக்கத்து வீட்டில் இருக்கிறவன் என்பதால் புதுச் சரக்கும் என்னிடம்தான் உண்டு. செமிசி எப்படி நடப்பான், எப்படிக் கடன் கேட்டு வருகிற மச்சானுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாமல் விழிப்பான் என்று நடித்தே காட்டுவேன். சிரிப்பார்கள். "அவங்க முன்னேறவே மாட்டாங்க சார், அந்த ஆம்பிஷனே கிடையாது" என்று யாராவது முடித்து வைப்பார்கள். ஜெரி பேப்பர் தட்டோடு ஓரத்தில் நின்றுகொண்டிருப்பான். அவனுக்கு நம் பேச்சு முழுசாகப் புரியாது என்று எனக்கு ஒரு நினைப்பு.

அதே பூங்காவில், மெட்ராஸில் எந்த ஏரியா என்று என்னைக் கேட்டால், பீச் பக்கம் என்பேன். பொய் இல்லை. ஒருமுறை மயிலாப்பூர்க்காரர் ஒருவர் விடாமல் நோண்டி, ராயபுரம் என்று வரவழைத்துவிட்டார். "ஐயோ, அப்ப உங்ககிட்ட ஜாக்கிரதையாத்தான் இருக்கணும்" என்று சொல்லித் தோளில் தட்டினார். அதற்கும் சிரித்தேன்.

ஒருநாள் வீட்டுக்குத் திரும்புகிற வழியில் ஸ்டெல்லா பொறுக்கமாட்டாமல் சொன்னாள். "நம்மள சல்லடையில சலிச்சு எடுத்துகினு வந்தாங்க. சர்டிபிகேட் காட்டு, இங்கிலீஷ் பரீட்சை எழுது, மார்புல எக்ஸ்ரே எடு. அவங்கள மூட்டையோட கொட்டினாங்க. இப்ப ரெண்டு அரிசியையும் பக்கத்துல வச்சு எதுல கல்லு அதிகம்னு பாத்தா இன்னாயா நாயம்?" ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பேசினேன். கைதட்டு ஒரு மாதிரியான சாராயம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், கட்டுரை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடக்கூடாது. ஸ்டெல்லா வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் வெள்ளைக்காரக் கிழவிகள் இருக்கிறார்கள், சீனக் கிழவர்கள் இருக்கிறார்கள், இப்போது நம்மவர்களும் வர ஆரம்பித்திருக்கிறார்கள். தீவுக்காரர் ஒருவரைக்கூட அவள் அங்கே குளிப்பாட்டியதில்லை. சங்கத்தில் நம்மவர் ஒருவர் இறந்தபோது வேலை நாள். வாட்ஸப் குரூப்பில் கும்பிட்ட கைப் படங்களாக வந்து குவிந்தன. மண்டபத்தில் நாற்காலிகள் காலியாக இருந்தன. அடுத்த பாடி காத்திருக்கிறது என்று ஊழியர் வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இதை எந்தக் கட்டத்தில் போட்டு ஒப்பிடுவது, சேகர்? வேலையிலா, வீட்டிலா, மரியாதையிலா?

4

ராயபுரத்தில் எங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்தால் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்காவிட்டால் ஆயுசுக்கும் சண்டை. சாவுக்கு அதெல்லாம் கிடையாது, காதில் விழுந்தால் போட்டது போட்டபடி போய் நிற்க வேண்டும். வாசலில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, உள்ளே ஐஸ் பெட்டி. ஹார்பர் ஷிப்ட் முடிந்தவன் அப்படியே ஹெல்மெட்டோடு வந்து உட்காருவான். பாடி எடுக்கிறவரைக்கும் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. கேனில் டீ வரும், அவ்வளவுதான்.

சாவு வீட்டில் கை நனைக்கக் கூடாது. கிளம்பும்போது போய்ட்டு வரேன் என்று சொல்லக் கூடாது. மறுபடி வருகிறேன் என்றால் அந்த வீட்டுக்கு இன்னொரு சாவு கேட்கிற மாதிரி. யார் கண்ணையும் பார்க்காமல் எழுந்து நடந்துவிட வேண்டும், அதுதான் மரியாதை. நம் வீட்டு வாசலில் ஒரு பக்கெட் தண்ணீர் தயாராக இருக்கும். தலையோடு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே கால் வைக்க வேண்டும்.

நாங்கள் வேதக்காரர்கள். கிறிஸ்தவனுக்குத் தீட்டு ஏது, துடக்கு ஏது என்று பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சத்தம் போடுவார். காசிமேடு கல்லறையிலிருந்து திரும்பினதும் அவரும் குளித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார் என்று கோயில் சமையல்காரர் எங்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

என் அப்பா சூசை போனபோது உலகம் முழுக்க விமானங்கள் நின்றிருந்தன. சேகர்தான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கல்லறைவரைக்கும் நடந்தான். போன் சாய்ந்து சாய்ந்து பாதி நேரம் எனக்கு வானம்தான் தெரிந்தது. மண் போடுகிற சத்தம் கேட்டது. முடிந்ததும் ஸ்டெல்லா குளிக்கிறியா என்று கேட்டாள். கல்லறைக்கே போகாதவன் எதற்குக் குளிக்க வேண்டும்? அன்றைக்கு நான் குளிக்கவில்லை. அது என் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்த மாதிரி இருந்தது, வருஷக்கணக்காக.

5

செமிசியின் அப்பா ஆஸ்பத்திரியில் இறந்து, பாடியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முன்பக்கம் முழுக்க தார்பாய் கட்டி, கராஜைத் திறந்து பாய் விரித்துவிட்டார்கள். ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு குழு பாடி முடித்தால் இன்னொரு குழு ஆரம்பிக்கும். ஆண்கள் ஒரு கட்டை, பெண்கள் ஒரு கட்டை, நடுவில் கிழவிகள் இன்னொரு கட்டை, மைக்கே இல்லாமல் தெரு அதிர்ந்தது.

அவர்கள் துக்கத்துக்கு இடுப்பில் பாய் கட்டுகிறார்கள். இறந்தவருக்கு யார் எவ்வளவு கீழ்ப்பட்டவரோ அவ்வளவு பெரிய, அவ்வளவு கந்தல் பாய். ஜெரி ஒரு பாயைக் கட்டிக்கொண்டு வேலி வழியாக உப்பு எடுக்க வந்தான். ஸ்டெல்லா பார்த்துவிட்டு, "இன்னாடா இது, பாயச் சுத்திகினு வந்துகீற?" என்றாள். அவங்கதான் கட்டிவிட்டாங்க, நானும் பேரப் பிள்ளைதானாம் என்று சொல்லிவிட்டு உப்போடு ஓடினான்.

நான் இந்தியக் கடைவரைக்கும் போய் ரோஜா மாலை சொல்லிக் கட்டி வாங்கி வந்தேன். அப்பாவுக்குச் செய்ய முடியாமல் போனதை இந்தப் பெரியவருக்காவது முறையாகச் செய்ய வேண்டும் என்று மனசு பறந்தது. நானும் ஸ்டெல்லாவும் உள்ளே போனதும் வழி விட்டார்கள். மாலையை நான் போட, கலையாமல் செமிசி சரிசெய்தான். அவனுடைய பாய் கிழிந்து நாராகத் தொங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. தார்பாய்க்குக் கீழே ஆண்களோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக எங்கள் ராயபுரம் தெருவில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

அப்புறம் சாப்பாடு வந்தது. சுட்ட பன்றி, சேப்பங்கிழங்கு மாதிரி ஒரு கிழங்கு, தேங்காய்ப் பாலில் வேகவைத்த கீரை. செமிசியின் அக்கா இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் குனிந்தாள். நான் நெஞ்சில் கை வைத்து வேண்டாம் என்று தலையாட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துச் செமிசியே ஒரு தட்டோடு வந்தான். அதற்கும் நெஞ்சில் கை. மூன்றாவது தட்டை ஜெரி கொண்டுவந்தான். சாப்பிடு என்று இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னான். கண்ணாலேயே அவனை அதட்டினேன். ஸ்டெல்லாவுக்கு ஜாடை காட்டினேன். இரண்டு பேரும் எழுந்தோம். யாரையும் பார்க்காமல், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், வேலி இடுக்கு வழியாக வந்துவிட்டோம்.

எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் தோட்டத்துக்குத் தண்ணி விடுகிற குழாய் இருக்கிறது. கிளம்பும் முன்னாலேயே ஸ்டெல்லா அங்கே பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். போட்டிருந்த கறுப்புச் சட்டையோடு தலையில் ஊற்றினேன். குளிர்காலம் தொடங்கியிருந்தது, தண்ணீர் ஊசியாகக் குத்தியது. இன்னும் ஊற்றினேன். அப்பாவுக்கும் சேர்த்து என்று நினைத்தேன். அழுதேன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

முகத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது பாட்டு நின்றிருந்தது. வேலி என் நெஞ்சு உயரம்தான். அந்தப் பக்கம் தார்பாய்க்குக் கீழே இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செமிசி கராஜ் வாசலில் நின்றுகொண்டிருந்தான். ஜெரி கையில் அந்தத் தட்டு இன்னும் இருந்தது.

6

மறுநாள் துணி எடுக்க ஜெரி வந்தான். என்னோடு அவன் இங்கிலீஷில்தான் பேசுவான், அம்மாவோடுதான் நம் பாஷை. உங்க அப்பாவுக்கு நாங்க அழுக்கா என்று செமிசியின் மருமகன் அவனிடம் கேட்டானாம். கோபமாகக்கூடக் கேட்கவில்லையாம், தெரிந்துகொள்வதற்காகக் கேட்டானாம். நான் அவனுக்கு என்ன சொல்வது என்று என்னைக் கேட்டான்.

நான் உட்கார வைத்து விளக்கினேன். கை நனைக்காதது, சொல்லாமல் எழுந்தது, பக்கெட் தண்ணீர் எல்லாம். இது அவர்களை ஒதுக்குவது இல்லை, நம் ஊரில் பெற்ற தாய் செத்தாலும் குளிப்போம் என்றேன். பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, இதை என்னிடம் ஏன் சொல்கிறாய், அவர்களிடம் போய்ச் சொல் என்றான். துக்கம் எல்லாம் முடியட்டும், மெதுவாகச் சொல்லுகிறேன் என்றேன்.

நீ பூங்காவில் செமிசி அங்கிள் மாதிரி நடித்துக் காட்டியபோது நான் அங்கே இருந்தேன் என்றான். எல்லாம் புரிந்தது என்றான். தலையணையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போய்ப் பேசு, அப்புறம்தான் வருவேன் என்று சொன்னது கதவுக்கு வெளியிலிருந்து.

அதற்கப்புறம் நடந்த ஒவ்வொன்றும் சின்ன விஷயம்தான். காலையில் காரில் வர வேண்டாம், லீவில் இருக்கிறேன் என்று செமிசி செய்தி அனுப்பினான். மரியாதையான செய்தி. கடைசியில் அமலனா என்று போடவில்லை, சூசை என்று போட்டிருந்தான். நான் பஸ்ஸில் போனேன். துறைமுகத்தில் அவனுடைய ஆட்கள் என்னைப் பார்த்தால் தலையசைத்துவிட்டுக் கம்பி முறுக்குவார்கள். ஜன்னலில் நின்று ஜெரி பெரிய அண்டாக்களைக் கழுவுவதைப் பார்ப்பேன். எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் கழுவினதில்லை.

"போயேன்யா" என்று ஸ்டெல்லா சொல்லிக்கொண்டே இருந்தாள். "சொன்னா புரியாத ஜனமா அது? உன் புள்ளைக்கு மூத்திரத் துணி மாத்தின வூடுயா அது." போகிறேன் என்பேன். சொல்ல வேண்டியதை இங்கிலீஷில் மனப்பாடம் செய்தேன். வழக்கம் என்பதற்கு ஒரு வார்த்தை, மரியாதை என்பதற்கு ஒரு வார்த்தை. குளிர்பெட்டிகளுக்கு நடுவில் நடந்துகொண்டு சொல்லிப் பார்ப்பேன். சரியாகத்தான் இருந்தது. ஆனால் சரியாக இருக்க இருக்க, யாரோ எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. ராத்திரி படுத்தால் பாய் முள்ளாகக் குத்தும் என்பார்களே, இங்கே மெத்தையே குத்தியது.

7

மேலே உள்ளதை எழுதி அப்படியே வைத்திருந்தேன். நேற்றுப் போனேன்.

அவர்களுக்குத் துக்கம் முடிகிற நாள். கருப்புக் கூழாங்கற்களை மூட்டையாக வரவழைத்து, கழுவி, எண்ணெய் தடவி, கல்லறை மேல் பரப்புவார்களாம். பெண்கள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். செமிசி பின்பக்கத்தில் ஒரு பெரிய பேசின் முன்னால் தரையில் உட்கார்ந்து கல் கழுவிக்கொண்டிருந்தான். கொஞ்சம் தள்ளி ஜெரி ஒரு துணியில் எண்ணெய் தொட்டுக் கழுவின கற்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான், பார்க்காத மாதிரி குனிந்துகொண்டான்.

நான் தரையில் உட்கார்ந்தேன். மனப்பாடம் செய்ததை ஆரம்பித்தேன். எங்கள் ஊரில், சாவு வீட்டில், சாப்பிடுவதில்லை. விடை பெறுவதில்லை. வந்ததும் குளிப்போம். யாராக இருந்தாலும். அது இறந்தவருக்கு மரியாதை. செமிசி கல்லைத் தேய்த்துக்கொண்டே கேட்டான். நான் முடித்தபிறகும் கொஞ்ச நேரம் தேய்த்தான்.

"போன வருஷம் மேனேஜர் பெண்டாட்டி செத்தப்ப நாம ரெண்டு பேரும் போனோம்" என்றான். "நீ எனக்கு முட்டை சாண்ட்விச் எடுத்துக் கொடுத்தே."

சத்தியமாக எனக்கு அது மறந்தே போயிருந்தது. அவன் சொன்னதும் எல்லாம் வந்தது. சுத்தமான ஹால், சுற்றிலும் வெள்ளைக்காரர்கள், வெள்ளைத் துணி விரித்த மேஜை, முக்கோணமாக வெட்டின சாண்ட்விச், பீங்கான் கோப்பையில் டீ. நான் இரண்டு தடவை போய் எடுத்து வந்து சாப்பிட்டேன். கிளம்பும்போது மேனேஜர் கையைக் குலுக்கி, திங்கட்கிழமை பார்க்கலாம் என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து குளிக்கவில்லை. அதே துணியோடு ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு சூப்பர் மார்க்கெட் போனேன். எங்கள் வழக்கம் அன்றைக்கு என் வாய்க்குக் குறுக்கே வந்து நிற்கவே இல்லை. ராயபுரம் ஞாபகமே வரவில்லை.

ஜெரியின் துணி நின்றுவிட்டது. அவன் குனிந்த தலை நிமிரவில்லை, ஆனால் காது இங்கேதான் இருந்தது.

உங்கள் வீடு எனக்கு எங்கள் தெரு மாதிரி இருந்தது, அதனால்தான் அந்த வழக்கம் வந்தது என்று சொல்லலாம். அது முழுப் பொய் இல்லை. சொல்ல வாயெடுத்தேன். அந்த ஹாலில் நான் எவ்வளவு பதவிசாக நின்றேன் என்பது நினைவுக்கு வந்து, வாய் தானாக மூடிக்கொண்டது. அங்கே நான் பயந்துகொண்டு நின்றேன். இங்கே எனக்குப் பயம் இல்லை. இவர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஒரு நிமிஷம்கூட எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஆமா செமிசி, அங்க சாப்பிட்டேன்" என்றேன்.

அவன் தலையாட்டினான். ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மறுபடி தண்ணீரில் போட்டான். "ஒண்ணு கேக்கறேன்" என்றான். "உங்க ஊர்ல எங்கள மாதிரி ஆளுங்க யாரு? பார்த்தா மத்தவங்க முகம் மாறுமே, அந்த ஆளுங்க."

ராயபுரம் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆட்கள், இந்தப் பக்கத்து ஆட்கள் என்று ஏதேதோ வாய்க்கு வந்தது. எங்களுக்குக் கீழே யாரையாவது காட்ட முடியுமா என்றுகூட ஒரு கணம் தேடினேன், காட்டியும் இருப்பேன். தோளில் அந்த மயிலாப்பூர்க்காரர் தட்டின இடம் சுட்டது.

"நாங்கதான்" என்றேன்.

செமிசி முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான்.

"அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றான்.

கோபம் இல்லை. மன்னித்தேன் என்பதும் அதில் இல்லை. பேசினை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தான். மூட்டையிலிருந்து இரண்டு கை நிறையக் கற்களை என் பக்கம் அள்ளிப் போட்டான். சாயந்தரத்துக்குள் கல்லறைக்குப் போக வேண்டுமாம்.

சட்டைக் கையை மடித்துக்கொண்டு கழுவ ஆரம்பித்தேன். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. நான் கழுவினதை ஜெரி ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தான். கொஞ்ச நேரம் கழித்து அவன் ஒரு கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் முன்னால் நீட்டினான். அவன் அம்மாவிடம் மட்டும் பேசுகிற பாஷையில் சொன்னான்.

"நைனா, இத்த இன்னொரு தாட்டி கழுவு. மண்ணு கீது பாரு."

வாங்கிக் கழுவினேன்.